சர்க்குலரின் இடது கன்னம்

தோலின் நிறம் மாறினால் உடனே ஓடி வர வேண்டும் என்று அந்தத் துண்டுத்தாளில் அச்சடித்திருந்தது. எழுத்து பொடி. படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் வயது தெரியும். வயதைக் குறைக்கத்தானே கன்னத்தில் ஊசி போட்டுக்கொள்ள வந்தார்? ஆகவே அவர் தாளைப் படித்தவர் போலத் தலையை ஆட்டி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் இடது கன்னம் வெளுத்தது. நிறம் கூடுகிறது என்று மகிழ்ந்தார். மறுநாள் காலை அதே கன்னத்தில் ஊதா நிறத்தில் வலை பின்னியிருந்தது. வலியும் இருந்தது. மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்துக் கன்னத்தில் அப்பினார்.

"என்னங்க, நாடகத்துல வேஷம் ஏதும் கட்டப்போறீங்களா?" என்றாள் மனைவி, வாசலை மறித்துக்கொண்டு.

"ஆபீசுக்குப் போறேன்."

"ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கு?"

"இன்னொரு பக்கம் பூச நேரமில்ல."

"கிட்ட வாங்க. கன்னம் வீங்கியிருக்கே?"

"பல்லு."

"நேத்து வறுத்த கடலையைக் கடக்கு கடக்குனு கடிச்சீங்களே, அந்தப் பல்லா?"

"அது வலது பக்கம். இது இடது பக்கம்."

கடையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொத்தை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாததால் வழிவிட்டாள்.

அவரை ஆபீசில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'சர்க்குலர்'. தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியின் கிளை ஒன்றில் அவர் நிர்வாக அதிகாரி. டீ குடிக்கும் நேரம் பற்றி ஒரு சர்க்குலர், மின்விசிறியின் வேகம் பற்றி ஒரு சர்க்குலர், சர்க்குலரைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் பற்றி ஒரு சர்க்குலர். எல்லாவற்றுக்கும் சிகரம், வாசலில் அவர் முன்னின்று வாங்கி மாட்டிய முகம் பார்க்கும் மெஷின்.

கண்ணாடிக் கதவின் பக்கத்தில் அது இருந்தது. எதிரே போய் நின்றால், தேன் தடவிய பெண்குரலில், "வணக்கம், உள்ளே வரலாம்" என்று சொல்லிக் கதவைத் திறக்கும். வருகையையும் பதிந்துகொள்ளும். ஆள் தெரியாவிட்டால், அதே தேன் குரலில், "அடையாளம் தெரியவில்லை" என்று சொல்லும். மெஷின் ஏற்காத எவரும் அன்று வராதவராகவே கருதப்படுவார், இதற்கு எவரும் விதிவிலக்கல்ல என்று சர்க்குலர் போட்டவர் சர்க்குலரேதான். 'எவரும்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

அந்தக் கிளையின் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் இவர். இன்னொருவர் விற்பனைப் பிரிவில் இருந்த நெட்டை. நல்ல உயரம், பளபளக்கும் கன்னம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. மூன்றுமே இவருக்கு ஆகாது. நெட்டைக்குத் திடீரென்று வேறு கிளைக்கு மாற்றல் வந்த அன்று, இவருக்குக் கால் தரையில் படவில்லை. நெட்டையின் மேசையை ஸ்டோர் ரூமுக்குத் தள்ளச் சொன்னார். சுவரில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னார். மெஷினிலிருந்து ஆளை நீக்குகிற வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தானே செய்தார். பிறகு எல்லோருக்கும் சொந்தச் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். (அந்த டீயைக் குடிக்கலாமா, உள்ளே ஏதாவது கலந்திருக்குமா என்று ஊழியர்கள் கொஞ்சம் யோசித்தார்கள்.) அதே சந்தோஷத்தோடு லீவு போட்டு, மனைவியை மலைப் பக்கம் கூட்டிப்போய்க் குளிரில் நடுங்க வைத்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பிய அன்று மெஷின் முன்னால் போய் நின்றார்.

"அடையாளம் தெரியவில்லை."

தலையைச் சீவிக்கொண்டு நின்றார். சிரித்துப் பார்த்தார். சிரிக்காமல் பார்த்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. லேட்டானா நீங்களே கேள்வி கேப்பீங்க" என்றாள் டைப்பிஸ்ட். அவளுக்குக் கதவு திறந்தது. அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கலாம். ஆனால் அப்படி நுழைவது ஒழுங்கீனம் என்று இன்னொரு சர்க்குலர் இருந்தது. எனவே கட்டடத்தைச் சுற்றிப் போய், மோட்டார் இறக்குகிற பின்வாசல் வழியாக, ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் குனிந்து உள்ளே போனார்.

மெஷினுக்குள் போய்ச் சரிசெய்யலாம் என்றால், அதற்கு நிர்வாகியின் முகத்தைக் காட்ட வேண்டும். நிர்வாகி அவர்தான். மெஷின் மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"எல்லாருக்கும் தொறக்குது, எனக்கு மட்டும் தொறக்கல. ஏம்பா?"

"உங்க முகம் கொஞ்சம் மாறியிருக்கும் சார்."

"மாறலையே."

"நமக்கு அப்படித்தான் சார் தோணும். வயசு ஆக ஆகக் கன்னம் எறங்கும். மெஷின் அளவெடுத்துப் பாக்குதில்ல? எதுக்கும் நேர்ல வந்து பாக்கறேன்."

"எப்ப வருவே?"

"வரேன் சார்."

கன்னம் இறங்கிவிட்டது என்ற சொல் அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. பின்வாசலில் நின்ற வாட்ச்மேனைக் கேட்டார். "ஏம்பா, என் மூஞ்சி மாறிடுச்சா?"

"மாறலன்னும் சொல்ல முடியாது சார். மாறிடுச்சுன்னும் சொல்ல முடியாது."

டைப்பிஸ்டைக் கேட்டார். "உங்களுக்கென்ன சார்!" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். மனைவியைக் கேட்டார். "எப்பவும் இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றாள். கிடைத்த பதில்களிலேயே மோசமானது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த நேரம் பார்த்து நெட்டை ஒரு நாள் வந்தார், மறந்து விட்டுப்போன டிபன் கேரியரை எடுத்துப்போக. சர்க்குலர் தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நெட்டை மெஷினைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "வணக்கம், உள்ளே வரலாம்" என்றது மெஷின்.

"பாத்தியா?" என்று வாட்ச்மேனிடம் பொருமினார் சர்க்குலர். "ஊரை விட்டே போனவனுக்குக் கதவு தொறக்குது!"

"அவர் மூஞ்சி அப்படி சார். ஒரு தடவை பாத்தா மறக்காது."

"எப்படி மறக்கும்?" என்று சேர்ந்துகொண்டாள் டைப்பிஸ்ட். "கன்னத்துல ஊசி போட்டு நெரப்பிக்கிட்டாராமே. ஃபில்லராம் சார். மத்தியானம் சாப்பிடற நேரத்துல போய்ப் போட்டுட்டு வந்துடலாமாம்."

அன்று மத்தியானம் சர்க்குலர் சாப்பிடவில்லை.

செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அழகு நிலையம். ஊசி போட்ட பெண்ணின் உதடுகளே ஊதிப்போய், அவள் பேசி முடித்த பிறகும் கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தாவது ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வெளுப்பு, ஊதா, பவுடர்.

பவுடருக்குக் கீழே கன்னத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியதும் தோல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தார். டாக்டர் வயதான அம்மாள். பஞ்சால் பவுடரைத் துடைக்கத் துடைக்க அந்த அம்மாளின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஊசி மருந்து ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. தோலுக்கு ரத்தமே போகல. நிறம் மாறின உடனே ஏன் வரல?"

"பவுடர் போட்டேன் டாக்டர்."

டாக்டர் கொஞ்சநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உள்ளே போன மருந்தைக் கரைக்க வேறு ஊசி போட்டார். அது ஒன்றல்ல, பல. இளமைக்குப் போட்ட ஊசியை விட அதை வெளியேற்றப் போட்ட ஊசிகள் அதிகம்.

"கரைச்சாச்சு. ஆனா லேட்டா வந்துட்டீங்க. தோலு மூச்சுக்குத் தவிக்குது. ஆக்சிஜன் அறைன்னு ஒண்ணு இருக்கு. அழுத்தம் ஏத்தி, சுத்தமான ஆக்சிஜனை சுவாசிக்க வைப்பாங்க. தினம் போகணும்."

"நல்லாயிடுமா டாக்டர்?"

"பாப்போம்."

இந்த ஊரில் எவரும் தனக்கு நேரான பதில் சொல்வதில்லை என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதால் கன்னம் எரிந்தது. எனவே அதையும் அடக்கிக்கொண்டார்.

ஆக்சிஜன் அறை, பெட்ரோல் லாரியின் தொட்டியைக் கழற்றிக் கட்டடத்துக்குள் வைத்தது போல இருந்தது. பக்கவாட்டில் வட்டமான கனத்த ஜன்னல்கள். கப்பலில் இருப்பது போல ஒரு கதவு. வெளியே மைக்கோடும் முள் ஆடும் மீட்டர்களோடும் ஆபரேட்டர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"சார், தலையில எண்ணெயா? கழுவிட்டு வாங்க. செண்ட், பவுடர், கிரீம் எதுவும் கூடாது. உள்ள ஆக்சிஜன், ஒரு பொறி பட்டாப் போதும். மோதிரம், வாட்ச், போன் எல்லாம் கழட்டி வைங்க. இந்தப் பருத்தி உடுப்பைப் போட்டுக்குங்க. மத்ததெல்லாம் அந்த போர்டுல இருக்கு, படிச்சுக்குங்க."

போர்டு பெரியதுதான், எழுத்துதான் வழக்கம் போலப் பொடி. அவர் தலையை ஆட்டினார். அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு காதுப்பக்கம் காற்றைத் தள்ள வேண்டும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த போர்டில் முதல் வரி. கதவை மூடிய சற்று நேரத்தில் யாரோ இரண்டு காதுகளிலும் கட்டைவிரலை விட்டுத் திருகுவது போல வலித்தது.

"மூக்கைப் புடிங்க சார், மூக்கை!" என்று கத்தினார் பக்கத்து இருக்கைக்காரர். சர்க்குலர் பதறிப்போய் அவருடைய மூக்கைப் பிடித்தார்.

"என் மூக்கை இல்ல சார், உங்க மூக்கை!"

இப்படியாக அறிமுகம் ஆனவர் ஒரு லாரி டிரைவர். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண். எல்லோர் தலையிலும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பிளாஸ்டிக் கூண்டு மாட்டி, அதற்குள் ஆக்சிஜன் விடுவார்கள். நடுவே கூண்டைக் கழற்றி இளைப்பாறச் சொல்வார்கள். அப்போதுதான் பேச்சு.

"உங்களுக்கு மூஞ்சியில எப்படி சார்?"

"கார் விபத்து."

"அடப்பாவமே! எந்த ரோடு?"

"பெரிய ரோடு."

"எதிர்ல வந்தது என்ன வண்டி?"

"லாரி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிரைவரின் முகம் இருண்டது. "எந்த லாரி சார்? வண்டி நம்பர் சொல்லுங்க. எங்க சங்கத்துல சொல்லி ஆளைப் புடிக்கறேன்." அன்றிலிருந்து தினமும், "லாரி என்ன கலர்னாவது ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்குலர் ஒரு நாள் பச்சை என்றார், ஒரு நாள் மஞ்சள் என்றார். பாவம், மண்டையிலும் அடி போல என்று டிரைவர் மற்றவர்களிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

ஆபீசில் விஷயம் முற்றிக்கொண்டிருந்தது. மெஷின் கணக்குப்படி அவர் லீவிலிருந்து இன்னும் திரும்பவேயில்லை. தினமும் பின்வாசல் வழியாக வந்து, வேலை பார்த்து, மத்தியானம் ஆக்சிஜனுக்கு ஓடினார். அதற்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுக்கவும் முடியவில்லை. வராத ஆள் எப்படி லீவு கேட்பார்? இப்போது கன்னத்தில் கட்டு வேறு இருந்ததால், பின்வாசல் வாட்ச்மேனும் ஒரு நாள், "யாரு நீங்க?" என்று தடுத்தான். தலைமை அலுவலகத்திலிருந்து, மேனேஜரை முடிவு செய்ய ஓர் அதிகாரி வரப்போவதாகவும், நீண்ட நாளாக வேலைக்கு வராத நிர்வாக அதிகாரி பற்றி அவர் விசாரிக்கப்போவதாகவும் செய்தி வந்தது. மெக்கானிக்குக்குத் தினமும் போன் போட்டார். "கெளம்பிட்டேன் சார்" என்றான் அவன் தினமும்.

வீட்டில் மனைவி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தலையில் எண்ணெய் தடவாமல் வெளியே போகாத மனிதர், எண்ணெய்ப் பாட்டிலைக் கண்டாலே விலகுகிறார். கன்னத்தில் கட்டு எதற்கு என்று கேட்டால், பல் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். செண்ட் பாட்டில் தூசி படிந்து கிடக்கிறது. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுகிறார். பாலியஸ்டர் சட்டைகளை ஒதுக்கிவிட்டு வெள்ளைப் பருத்தியாக உடுத்துகிறார். மத்தியானம் போன் போட்டால் இரண்டு மணி நேரம் அணைந்து கிடக்கிறது. திரும்பி வந்தால் காது அடைத்திருப்பதால், எதைக் கேட்டாலும் ஞானி மாதிரி லேசாகச் சிரிக்கிறார். வேறொருத்தி என்றால் செண்ட் கூடுமே ஒழியக் குறையாது. அப்படியானால்?

"தம்பி, உங்க மாமா சாமியாராப் போறாருடா" என்று தம்பியைக் கூப்பிட்டு அழுதாள்.

"மாமாவா? அவர் எதை விடறதா இருந்தாலும் அதுக்கொரு சர்க்குலர் போடுவாரே அக்கா?"

"வெளையாடாதடா. பின்னாலயே போய்ப் பாரு."

மச்சான் போனான். தெருமுனையில் மாட்டிக்கொண்டபோது, "மேலிடத்து ரகசிய மீட்டிங், உங்கக்காகிட்ட சொல்லாதே" என்றார் சர்க்குலர். சரி மாமா என்று தலையாட்டிவிட்டு, அடுத்த தெருவிலிருந்து மறுபடி பின்தொடர்ந்தான். ஆபரேட்டர் அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் வட்ட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். உடனே அக்காவுக்குப் போன்.

"அக்கா, நீ நெனச்சதை விட மோசம். எல்லாரும் வெள்ளை உடுப்பு. எதிரும் புதிருமா உக்காந்திருக்காங்க. தலையில ஆளுக்கொரு கூண்டு. யாரும் பேசல, கண்ணை மூடியிருக்காங்க. மாமா மூஞ்சியில ஒரு அமைதிக்கா... உங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படி ஒரு அமைதியை நான் பாத்ததே இல்ல."

"மொட்டை அடிச்சிட்டாங்களா?"

"தெரியல. கூண்டு பளபளங்குது."

அவள் வந்து சேர்ந்தபோது உள்ளே கூண்டைக் கழற்றி இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். வட்ட ஜன்னலில் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், ஜன்னல் நிறைய மனைவியின் முகம். சர்க்குலர் அவசரமாகக் கூண்டை மறுபடி மாட்டிக்கொள்ளப் பார்த்தார்.

"அம்மா, தட்டாதீங்க! உள்ள அழுத்தம் இருக்கு" என்று ஓடி வந்தார் ஆபரேட்டர் அம்மா.

"அதைவிட அதிகமா எனக்கு இருக்கு. கதவைத் தொறங்க."

"இப்பத் தொறக்க முடியாதும்மா. மெதுமெதுவாத்தான் எறக்கணும். ஏதாவது சொல்லணும்னா மைக்குல சொல்லுங்க. உள்ள இருக்கற எல்லாருக்கும் கேக்கும்."

கடைசி வாக்கியம் அவள் காதில் விழவில்லை.

"என்னங்க!" தொட்டி அதிர்ந்தது. "நான் உங்களுக்கு என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல!"

"பின்ன எதுக்கு சந்நியாசம்?"

"யாருக்கு சந்நியாசம்?"

"அம்மா, அம்மா" என்று குறுக்கிட்டார் டிரைவர். "தப்பா நெனக்காதீங்க. இது வைத்தியம். எனக்குக் கால்ல புண்ணு. சாருக்குக் கார் விபத்து."

"கார் விபத்தா? எங்ககிட்ட ஏதுங்க காரு?"

டிரைவர் மெல்லத் திரும்பி சர்க்குலரைப் பார்த்தார். "அப்ப அந்தப் பச்சை லாரி? மஞ்ச லாரி?"

"பல்லுன்னு சொன்னீங்களே!" என்றாள் மனைவி.

"என்கிட்ட ரகசிய மீட்டிங்னு சொன்னாருக்கா" என்று மைக்குக்குள் தலையை விட்டான் மச்சான்.

தப்பித்து ஓடவும் வழியில்லை. உலகத்திலேயே கணவனை வைத்து விசாரிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. கதவின் பிடி வெளிப்பக்கத்தில் இருக்கிறது. திறக்கவும் நேரமாகும். சர்க்குலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மெஷின், நெட்டையின் கன்னம், செருப்புக்கடை மாடி, பவுடர். கடைசி இருக்கையில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முயன்றதில் அவருக்கு மறுபடி காது அடைத்துக்கொண்டது.

"ஒரு கதவு தொறக்கறதுக்காகவா?" என்றாள் மனைவி.

"கதவு மட்டும் இல்லம்மா. அடையாளம் தெரியலன்னு தெனம் எல்லார் முன்னாடியும் சொல்லுது."

"இத்தனை வருஷமா ராவும் பகலும் இந்த மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு நாளாவது அடையாளம் தெரியலன்னு நான் சொன்னேனா? அந்த மெஷின் யாரு உங்களுக்கு?"

சர்க்குலர், கன்னம் எரிவதையும் பொருட்படுத்தாமல் அழுதார்.

"சரி சரி, அழாதீங்க. கூண்டுக்குள்ள தண்ணி புகுந்துடப்போகுது" என்றாள். பிறகு ஆபரேட்டர் அம்மாவிடம் திரும்பி, "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? அவர் படிச்சிருக்க மாட்டாரு. நான் படிச்சுச் சொல்லிடறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவளே கூட வந்தாள். டிரைவருக்கு மட்டும் கோபம் தீர நாளானது. சங்கத்தில் பச்சை லாரி, மஞ்சள் லாரி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாராம்.

கன்னம் மெல்ல மெல்லத் தேறியது. ஊதா போய், சிவப்பு வந்து, கடைசியில் மூக்கோரத்தில் ஒரு சின்ன வடு மட்டும் மிஞ்சியது. தலைமை அலுவலகத்து அதிகாரி வந்த அன்று, மனைவி அவர் தலையில் எண்ணெய் தடவி வாரிவிட்டாள். சட்டைப்பையில் கண்ணாடிக் கூட்டைத் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"பொடி எழுத்தைப் பாத்தாப் போட்டுக்குங்க. உங்க வயசு ஊருக்கே தெரியும்."

அதிகாரி ஒரு கண்டிப்பான பெண்மணி. வாசலில், மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊழியர்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வேலை பார்ப்பது போல நின்றார்கள்.

"இவ்வளவு நாளா நீங்க வேலைக்கு வரலன்னு காட்டுது."

"வந்தேன் மேடம். பின்வாசல் வழியா வந்தேன். மெஷின்தான் பழுது."

"மெஷின் பழுதுன்னா உங்க மேல தப்பில்ல. மேனேஜர் ஆர்டரை இன்னிக்கே குடுத்துடலாம். ஆனா மெக்கானிக் என் முன்னாடி சொல்லணும்."

அப்போதுதான், உலக அதிசயமாக, மெக்கானிக் வந்து இறங்கினான். சர்க்குலரின் கட்டில்லாத கன்னத்தை ஒரு பார்வை பார்த்தான். லேப்டாப்பைத் திறந்து மெஷினோடு ஒயரை மாட்டினான். திரையில் சின்னச் சின்னதாக முகங்கள் வரிசை கட்டின. அவன் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். நெற்றியைச் சொறிந்தான். அதிகாரியைப் பார்த்தான். சர்க்குலரைப் பார்த்தான். லேப்டாப்பை லேசாக மூடப் பார்த்தான்.

"என்னப்பா, சொல்லு" என்றார் அதிகாரி.

"அது வந்து மேடம்... சில சமயம் வெளிச்சம்..."

சர்க்குலருக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாருப்பா. நான் பாக்காத வைத்தியம் இல்ல. இந்த மூஞ்சிக்காக நான் கடலுக்கடியில போற மாதிரி தெனம் போய்ட்டு வந்திருக்கேன். மாறலன்னும் சொல்ல முடியாது, மாறிடுச்சுன்னும் சொல்ல முடியாதுங்கற கதையெல்லாம் எனக்கு வேணாம். எவ்வளவு மோசமா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். என் மூஞ்சியில என்னதான் கொறை? நேரா சொல்லு."

மெக்கானிக் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவைத்தான்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க சார். உங்க மூஞ்சியில ஒரு கொறையும் இல்ல, அந்த நெட்டை சார் இன்னும் பத்திரமா உள்ளதான் இருக்காரு, அன்னிக்கு நீங்க உங்க கையால அழிச்சது உங்களைத்தான்."